என் கைப்பிசகு, உங்கள் சிரிப்பு

தவறு என்னுடையதுதான். அதை முதலில் எழுதிவிடுகிறேன். இனி யாரும் வந்து அதை எனக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. ஒரு சட்ட நிறுவனத்துக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதிய கடிதத்தின் கடைசிப் பத்தியில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. நான் எழுதினேன், நான் அனுப்பினேன்.

ஆனால் அந்தக் கடிதத்தைப் படம் பிடித்து, என் பெயரையும் போன் நம்பரையும் மறைக்காமல், ‘கவர்ன்மென்ட் காலேஜ் தரம்’ என்று மேலே எழுதி வாட்ஸாப்பில் சுற்றவிட்டது நானல்ல. அதைச் செய்தவருக்கு அந்த நிறுவனத்தின் அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்க்கும் அனுமதி இருக்கிறது. படத்தின் ஓரத்தில் அவர்களுக்கு வந்திருந்த மற்ற அஞ்சல்களின் தலைப்புகளும் பாதி பாதி தெரிகின்றன. என் கடிதம் வேறு எவரிடமும் போகவில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பெண்கள் விடுதியில், நான்கு பேர் படுக்கும் அறையில் இருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். எனக்கு லேப்டாப் கிடையாது. சிவி, கவர் லெட்டர் எல்லாம் போனில்தான். மற்றவர்களின் தூக்கம் கெடக் கூடாதென்று போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் எழுதுவேன். ஒரு நிறுவனத்துக்கு எழுதும் முன் அவர்கள் என்னென்ன வழக்குகள் நடத்தினார்கள், எந்தத் துறையில் பெயர் பெற்றவர்கள் என்று தேடிப் படிப்பேன். ஒரு கடிதத்துக்கு இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் ஆகும். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவள் நான். ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்தையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன்.

அன்று ஒரு பழைய கடிதத்தை எடுத்து, அதில் இருந்த நிறுவனத்தின் பெயரைப் புதிய பெயராக மாற்றும்படி போனுக்குக் கட்டளை கொடுத்தேன். பழைய பெயரின் நடுவில் ஓர் ‘அண்ட்’ உண்டு. மூன்று இடங்களில் அதை எழுத்தாக எழுதியிருந்தேன். கடைசிப் பத்தியில் மட்டும் குறியாகப் போட்டிருந்தேன். எழுத்தாக இருந்த மூன்றும் மாறின. குறி போட்ட இடம் அப்படியே நின்றது. சின்னத் திரையில் அந்தப் பத்தி கீழே, கண்ணுக்கு மறைவாக இருந்தது. இரவு ஒன்றே முக்காலுக்கு அனுப்பினேன்.

நாற்பது நிமிடம் கழித்து, தூக்கம் வராமல் மறுபடி திறந்து படித்தபோது கண்ணில் பட்டது. அடிவயிறு சில்லிட்டுப் போயிற்று. சீனியர்கள் ஒன்று சொல்லித் தந்திருக்கிறார்கள்: தப்பாகப் போய்விட்டால் உடனே ஒரே வரியில் திருத்தி அனுப்பு, கதை சொல்லாதே, கெஞ்சாதே. அப்படியே செய்தேன். நிறுவனத்தின் பெயர் தவறாக இடம்பெற்றுவிட்டது, வருந்துகிறேன், திருத்திய கடிதம் இணைப்பில் இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். விடியும்வரை விழித்திருந்தேன்.

அந்தப் படத்தில் என் திருத்தக் கடிதமும் இருக்கிறது. இதுதான் என்னைத் தின்கிறது. நான் கொடுத்த முதல் கடிதத்தையும் இரண்டாவது கடிதத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் சிரித்திருக்கிறார்கள். தவறியவள் தானே கண்டுபிடித்தாள், ஒரு மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டாள், திருத்தினாள் என்பது அவர்கள் கண்முன் இருந்தது. அதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மை.

ஒன்பதாம் நாள் வகுப்புத் தோழி ஒருத்தி அதை எனக்கு அனுப்பி, “ஏய், இது நீயா?” என்று கேட்டாள். அவளுக்கு வேறொரு கல்லூரிக் குழுவிலிருந்து வந்ததாம். அன்று இரவே முகம் தெரியாத ஒருவன் போன் செய்து, “எந்த ஃபர்ம் மேடம் நீங்க?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வந்த அழைப்புகளை நான் எண்ணவில்லை.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செய்யாறில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் முப்பது வருடமாக உதவியாளராக இருக்கிறார். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறிப்போகும். செக்குபந்தியில் கிழக்கும் மேற்கும் இடம் மாறிவிடும். முனுசாமி முனியசாமி ஆகிவிடுவார். இதற்கெல்லாம் ஒரு பத்திரம் உண்டு. பிழைத்திருத்தல் பத்திரம் என்று பெயர். அதில் வரும் வாசகத்தை அப்பா ஆயிரம் தடவையாவது எழுதியிருப்பார்: கைப்பிசகாக இன்னபடி எழுதப்பட்டுவிட்டது, இனி அதை இன்னபடி படித்துக்கொள்ள வேண்டியது. அதோடு சரி. நிலம் நிலமாகவே இருக்கும், வாங்கியவர் வாங்கியவராகவே இருப்பார். தப்பாக எழுதியவரைச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நிறுத்தி வைத்து யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை.

சின்ன வயதில் அவர் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் எனக்குச் சட்டத்தின் மேல் ஆசை வந்தது. தப்பு நடக்கும் என்பது தெரிந்த ஒரு துறை, அதைச் சரிசெய்ய ஒரு வாசகத்தையும் தயாராக வைத்திருக்கிற ஒரு துறை. அப்படித்தான் நம்பி வந்தேன்.

படித்த பிறகு அந்த நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை. அப்பாவின் பிழைத்திருத்தலுக்கு ஒரு வேர் இருந்தது: 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம், பிரிவு 26. துயர்துடைப்பு என்ற அந்தச் சொல்லை முதல்முறை படித்தபோது கண் கலங்கியது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவு, நீதிபதியின் தீர்ப்பிலேயே எழுத்துப்பிழையோ கணக்குப்பிழையோ வந்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிறது. நீதிபதிக்கே கை தவறும் என்று எழுதி வைத்த சட்டம் அது, 1908-இல்.

பெயர் தவறாகப் போன வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. மனோகர் லால் என்ற வியாபாரி மரம் கொடுத்த பணம் வரவில்லை என்று வழக்குப் போட்டார். தன் பெயரில் போட வேண்டியதை ‘ஜெய் ஜெய் ராம் மனோகர் லால்’ என்ற தொழில் பெயரில் போட்டுவிட்டார். திருத்த அனுமதி கேட்டார். விசாரணை நீதிமன்றம் கொடுத்தது, உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1969-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வெறும் ஒரு தவறுக்காக, கவனக்குறைவுக்காக, ஏன், நடைமுறை விதியை மீறியதற்காகக்கூட ஒருவருக்குச் சேர வேண்டிய நியாயத்தை மறுக்க முடியாது என்றது. பெயர் மாறியதற்காக இந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்ன வார்த்தை இது. இதை எங்களுக்கு இரண்டாம் ஆண்டிலேயே நடத்திவிட்டார்கள். என் கடிதத்தைப் பார்த்துச் சிரித்தவரும் படித்திருப்பார். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பார். கட்சிக்காரருக்காக வாதாடும்போது நாளை அதே தீர்ப்பை நீதிபதியிடம் நீட்டுவார்.

என் அறையில் ஓர் அக்கா இருக்கிறார். உயர் நீதிமன்றத்தில் ஜூனியர். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தபோது அவர்தான் உட்காரவைத்துப் பேசினார். “கேஸ் கட்டு ரிட்டர்ன் ஆகிப் பாத்திருக்கியா நீ? கையெழுத்து இல்லைன்னு ஒரு தடவை, பக்க எண் மாறிடுச்சுன்னு ஒரு தடவை. ஒரே அப்பீலை நான் அஞ்சு தடவை ரீ-பிரசன்ட் பண்ணியிருக்கேன்டி. செக்‌ஷன்ல இருக்கறவங்க ஒருத்தர்கூட சிரிச்சதில்ல. குறைய எழுதித் திருப்பிக் குடுப்பாங்க, நாம சரி பண்ணி எடுத்துட்டுப் போவோம். கோர்ட்டே அப்படித்தான் நடக்குது.” அவர் சொன்னது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அதுவே பிறகு எனக்குள் நெருப்பாகிவிட்டது. நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஓர் எழுத்தருக்கு இருக்கிற பண்பு, கண்ணாடிக் கட்டடத்தின் பத்தாவது மாடியில் இருப்பவருக்கு ஏன் இல்லாமல் போயிற்று?

என் வகுப்பில் ஒரு பையன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, நல்லவன், நோட்ஸ் கேட்டால் கொடுப்பான். அவனுக்கு மும்பையில் பெரிய நிறுவனம் ஒன்றில் மே மாத இன்டர்ன்ஷிப் உறுதியாகிவிட்டது. சிவி-யை எப்படி எழுதினாய், கொஞ்சம் காட்டேன் என்று கேட்டேன். “இன்னும் எழுதல. மாமா பேசிட்டாரு. சேர்ற அன்னிக்குக் கொண்டுவந்தா போதும்னு சொல்லிட்டாங்க” என்றான். மறைக்காமல், சாதாரணமாகச் சொன்னான்.

அந்த வார்த்தை என் மண்டைக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் தவறே செய்ய முடியாது. எழுதினால்தானே பிழை வரும்? கடிதம் எழுதி, பெயரைச் சரிபார்த்து, தேதியைச் சரிபார்த்து, இணைப்பைச் சரிபார்த்து, அனுப்பிய பிறகு நெஞ்சு படபடக்கத் திறந்து பார்க்கிற வேலை முழுவதும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் விதிக்கப்பட்டிருக்கிறது. முப்பத்தொரு இடத்துக்கு எழுதினால் ஓரிடத்தில் கை தவறும். மாமா ஒரு தடவை போனில் பேசினால் எதுவும் தவறாது. பிறகு எங்கள் பிழைகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, ‘பார், தரமே இல்லை’ என்கிறார்கள்.

நான் எதற்காக ஃபர்மைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன், ஒரு வக்கீலிடம் போய்ச் சேர வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. போனேன். செய்யாறு நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞரிடம் இரண்டு விடுமுறையில் எட்டு வாரம் வேலை கற்றேன். அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தாண்டு படிப்புக்குக் குறைந்தது 20 வாரம் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். அந்தக் கணக்கை ஊரிலேயே முடித்துவிடலாம். ஆனால் படித்து முடித்த முதல் மாதத்திலிருந்து நான் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்கச் சொல்லுங்கள் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே பார் கவுன்சிலுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. உத்தரவிடும் நிலை இருந்தது என்றால் நிஜம் என்னவென்று புரிந்துகொள்ளலாம். என் அறை அக்கா இன்னும் அந்தத் தொகையைக் கண்ணால் பார்க்கவில்லை. சம்பளம் என்று ஒன்று மாதாமாதம் வருவது ஃபர்மில்தான். ஃபர்முக்குள் நுழைய வழி இன்டர்ன்ஷிப்தான். அங்கே நான்கு வாரம் வேலை பார்த்து, அவர்களுக்குப் பிடித்தால், படிப்பு முடியும் முன்பே வேலைக்கான உறுதி கொடுப்பார்கள். என் வீட்டுக்கு அந்த நான்கு வாரம் அவ்வளவு பெரியது.

இன்னொன்றும் இருக்கிறது. சென்னையின் சட்டக் கல்லூரி 1891-இல் தொடங்கியது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் உயர் நீதிமன்றத்தின் மதிலை ஒட்டியே இருந்தது. காலையில் வகுப்பு, மதியம் கோர்ட் ஹாலில் பின்வரிசை, சாயங்காலம் எதிரே தம்புச் செட்டித் தெருவில் ஏதாவது ஒரு சேம்பர் என்று மாணவர்கள் திரிந்தார்கள். தினமும் கண்ணில் படும் பையனைப் பார்த்து, “தம்பி, எந்த வருஷம் நீ? நாளைக்கு வா” என்று ஒரு சீனியர் சொல்ல இடமிருந்தது. 2018-இல் கல்லூரியைப் பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் மாற்றினார்கள். மாணவர்கள் தெருவில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. இன்று அரசுக் கல்லூரியில் படிக்கிற ஒருத்தியை எந்த சீனியரும் தற்செயலாகப் பார்க்க வழியில்லை. அவளுடைய முகம், குரல், உழைப்பு எதுவும் அவர்கள் கண்ணில் படாது. போய்ச் சேர்வது ஒரு மின்னஞ்சல் மட்டும்தான். எனக்கென்று இருந்தது அந்த ஒரு பக்கம். அதில் ஒரு பெயர் தவறியதும் நானே தவறிப்போனவள் ஆகிவிட்டேன்.

கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அண்ணல் அம்பேத்கர் பெயரை வைத்திருக்கிறோம். லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1923-இல் பம்பாயில் தொழில் தொடங்கிய அவருக்கு வழக்குத் தர சொலிசிட்டர்கள் முன்வரவில்லை. சாதிதான் காரணம். அவரிடம் எந்தப் பிழையைக் கண்டுபிடித்தார்கள்? எனக்கு நடந்ததை அதோடு ஒப்பிடவில்லை, அந்தத் தகுதி எனக்கில்லை. ஆனால் உள்ளே விட மனமில்லாதவர்களுக்கு ஒரு காரணம் எப்போதும் கைவசம் இருக்கும் என்பது அவர் வாழ்க்கையைப் படித்தபோதே தெரிந்தது. நான் அந்தக் காரணத்தை என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேனே என்பதுதான் ஆறவில்லை.

இந்தத் தெருக்களில் நடப்பதே இப்போது கஷ்டமாக இருக்கிறது. கிரீன்வேஸ் சாலை ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் சட்டப் பல்கலைக்கழகத்தின் பூம்பொழில் வளாகம். நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் மாநில நீதித்துறைப் பயிலகமும் இங்கேதான். மரங்களுக்குள் நீதிபதிகளின் பங்களாக்கள், வாசலில் போலீஸ் காவல். சென்னைக்கு வந்த புதிதில் மாலையில் இந்த வழியாக வேண்டுமென்றே சுற்றி நடப்பேன். சட்டம் குடியிருக்கும் இடத்தில் நானும் குடியிருக்கிறேன் என்று பெருமையாக இருக்கும். அப்பாவிடம் போனில் ஒவ்வொரு கட்டடமாகச் சொல்வேன். இப்போது யாராவது வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட் போட்டுக்கொண்டு போனைப் பார்த்துச் சிரித்தபடி எதிரே வந்தால், எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நெஞ்சு திக்கென்கிறது.

அனுப்பிய மற்ற முப்பது கடிதங்களையும் எடுத்துத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எட்டாவது கடிதத்தில் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருக்கிறது. பத்தொன்பதாவதில் மாதத்தின் பெயரில் ஓர் எழுத்து. அவற்றையும் யாராவது படம் பிடித்திருப்பார்களோ? புதிதாக எழுத உட்கார்ந்தால் விரல் நகர்வதில்லை. ஒரு பெயரை எழுதி, பத்து முறை பார்த்து, அழித்துவிடுகிறேன். இரண்டு நிறுவனங்களின் கடைசித் தேதி இப்படியே போய்விட்டது. சிரித்தவருக்கு அது ஒரு நிமிட வேடிக்கை. எனக்கு எழுதும் கை போயிற்று.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்துக்கு எப்படித் தயாராவது என்று கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்வதைத் தங்கள் சேவைகளில் ஒன்றாகப் போட்டிருக்கும் நிறுவனம்தான் இது. நான் அவர்களுக்கு எழுதிய கடிதத்தில், கடைசிப் பத்தியிலேயே, தவறான அந்தப் பெயருக்கு இரண்டு வரி மேலே, உங்களிடம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன் என்று எழுதியிருக்கிறேன். படத்தில் அந்த வரியும் தெளிவாகத் தெரிகிறது.

புகார் கொடு என்கிறார் அக்கா. கொடுக்கலாம். யார் பரப்பினார்கள் என்று கண்டுபிடிப்பதும் கடினமில்லை. ஆனால் ஒரு சட்ட நிறுவனத்தின் மேல் புகார் கொடுத்த மாணவி என்று என் பெயர் சுற்ற ஆரம்பித்தால், அடுத்த இடத்தில் யார் எனக்குக் கதவைத் திறப்பார்கள்? பிறருடைய உரிமைக்காக வாதாடப் படிக்கிறவள், என் உரிமைக்காக ஒரு காகிதம் எழுதப் பயந்து உட்கார்ந்திருக்கிறேன். இதைவிடக் கேவலமாக எதுவும் என் வாழ்க்கையில் நடந்ததில்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். எப்படியோ அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. “அந்தக் கடுதாசியக் காட்டும்மா” என்றார். வேண்டாம்ப்பா என்றேன். கையை நீட்டியபடியே இருந்தார், கொடுத்துவிட்டேன். அவருக்கு ஆங்கிலம் கூட்டிப் படிக்கத்தான் வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பத்திரம் சரிபார்க்கும்போது செய்வதைப் போலவே, ஒவ்வொரு வரியின் அடியிலும் விரலை வைத்து நகர்த்தினார். “எந்த எடத்துல?” என்றார். காட்டினேன். அந்தப் பெயரின் மேல் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“இவ்ளோதானா? இதுக்கு ஒரு பிழைத்திருத்தல் போதுமே, பாப்பா.”

“போட்டேம்ப்பா. அன்னிக்கு ராத்திரியே போட்டேன்.”

“அப்புறம் என்னவாம் அவங்களுக்கு?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், சார். அல்லது மேடம். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. முப்பது வருடம் பிறர் கைப்பிசகுகளைத் திருத்தி எழுதிய அந்த மனிதருக்கு நீங்கள் சொல்லுங்கள். எனக்கு உங்கள் இன்டர்ன்ஷிப் வேண்டாம். அந்தப் படத்தை யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களிடம், இதை அனுப்பியிருக்கக் கூடாது, அழித்துவிடுங்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நான் நாற்பது நிமிடத்தில் எழுதினேன். உங்களுக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது.

நேற்றிரவும் அழைப்பு வந்தது. நம்பரை மாற்றிவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். முடியாது. முப்பது இடங்களுக்கு எழுதியதில் நான்கிலிருந்து இல்லை என்று பதில் வந்துவிட்டது. மீதி இருபத்தாறு கடிதங்களிலும் இந்த நம்பர்தான் இருக்கிறது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் ஒவ்வொரு முறையும் எடுத்து, “வணக்கம், சொல்லுங்க” என்கிறேன்.